மங்களக்கா இரண்டு சிறுமிகளுக்கு எழுதிய கடிதம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் மங்களக்காவும் நானும் வேலைசெய்த லாண்டரிக்கு ஷிப்டுக்கு வந்து நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மங்களக்காவோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருந்த ராணி ஓடி வந்தாள். "அக்கா எழும்பேல்லை. அம்புலன்ஸ்காரர் வந்து பாத்திட்டு, முடிஞ்சுது எண்டிட்டினம்." மாரடைப்பாம். நாற்பத்தொரு வயது. அந்த மனுசி மே மாதத்திலிருந்து எப்படி இருந்தார் என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும்.

அவருக்கு இரண்டு மகள்மார், பத்து வயதும் ஏழு வயதும். இலங்கையில், சண்டை நடந்த வன்னியில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவர். நான்கு வருடமாக விசா வழக்கு இழுபட்டதால் பிள்ளைகளைக் கூப்பிட வழியில்லை. இந்த ஜனவரியில் பதவியேற்ற அமெரிக்க ஜனாதிபதிக்கும் பத்திலும் ஏழிலும் இரண்டு மகள்மார் என்று இலவசப் பேப்பரில் கண்டதுதான், அன்றிலிருந்து ஒரே பைத்தியம். ட்ரெயினில் கிடக்கும் பேப்பரையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவார், நான் வாசித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் தங்கள் கட்டிலைத் தாங்களே விரிக்க வேண்டுமாம். இரவுச் சாப்பாட்டுக்குத் தகப்பன் எப்படியும் வந்து கூட இருப்பாராம். "பாத்தியே, வளர்ப்பெண்டா அது" என்பார். எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஏப்ரலில், போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு சனமாக நாங்கள் நிலத்தில் இருந்தபோது, ஒரு கொப்பியை என்னிடம் நீட்டினார். எல்லோரும் ஜனாதிபதிக்கு எழுதினார்கள். இவரோ அந்த ஜனாதிபதியின் மகள்மாருக்கு எழுதச் சொன்னார்.

"தகப்பனுக்கு ஆயிரம் பேர் எழுதுவினம். பிள்ளையள் சாப்பிடேக்க கேட்டா மனுசன் மாட்டன் எண்டுவாரே?"

அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் பக்கம் முழுக்கச் சுகம் விசாரிப்பு. அம்மா சுகமா, புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா, நாய்க்குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறதா. எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, உங்கட பிள்ளையள் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள்ள. நீங்கள் நாயின்ர சுகம் கேக்கிறியள்!"

"சுகம் கேக்காமல் உதவி கேக்கேலுமே? என்ன சனம் எண்டு நினைக்குங்கள்?"

உதவி கேட்டது கடைசியில்தான், அதுவும் இரண்டே வரி: "என்ர பிள்ளையளுக்கும் உங்கட வயசுதான். இண்டைக்குச் சாப்பிடேக்க அப்பாட்டச் சொல்லுங்கோ."

பதில் வரவில்லை. மே மாதம் வன்னியில் சண்டையோடு எல்லாம் முடிந்துபோனது. தங்கையைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. முகாம்களிலிருந்து வந்த பெயர்ப் பட்டியல்களை நானும் அவரும் விரல் வைத்துத் தேடினோம்.

ஜூனில் ஜனாதிபதியின் அந்தச் சிறுமிகள் தாயோடு லண்டனுக்கு வந்தார்கள். மங்களக்கா ஷிப்டை விட்டுவிட்டு வெஸ்ட்மின்ஸ்டரில் பொலிஸ் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார். நானும் துணைக்குப் போனேன்.

"இனி என்னத்தைக் கேக்கப் போறியள்?"

"ஒண்டுமில்லை. மூத்தவள் எவ்வளவு வளர்ந்திருப்பாள் எண்டு பாப்பம்."

"ஏன், பார்க்கிங்கில பத்து வயசுப் பிள்ளையள் இல்லையோ?"

"இதுகளைத்தானே எனக்குத் தெரியும்."

கறுப்புக் கண்ணாடிக் கார்கள் வேகமாகப் போயின. யாரையும் காணவில்லை. அவர் தன் தோள் மட்டத்தில் கையை வைத்து, "இவ்வளவு இருப்பாள், என்ன?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

தகனம் முடிந்த அன்று ராணி அவருடைய போனை என் கையில் தந்தாள். லண்டனுக்கு வந்த முதல் கிழமை வாங்கிய நம்பர். மகள்மார் இரண்டு பேருக்கும் போனிலேயே சொல்லிச் சொல்லி அதைப் பாடமாக்கிவிட்டிருந்தாராம், அதனால் மாற்றவே இல்லையாம். அவருடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன். அடித்தால் எடுப்பேன். எடுத்தவுடன் "அம்மா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், எனக்குச் சொல்லுங்கள்.