ஸ்டாப்வாட்சும் ஜெசிந்தாவின் ஞாயிற்றுக்கிழமையும்

வீரபாண்டியில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் எனக்கு முன்னால் ஸ்டாப்வாட்ச் பிடித்தவர் யாரும் கிடையாது. செல்போனில் பாம்பு கேம் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. செக்கிங் சூப்பர்வைசராக இருந்த என்னை முதலாளி ஒரு மாத ஐ.இ. கோர்ஸுக்கு அனுப்பினார். ஒரு வேலைக்கு எத்தனை விநாடி ஆகிறது, அதைக் குறைக்க வழி உண்டா என்று பார்க்கும் படிப்பு. திரும்பி வந்த அன்றே கழுத்தில் வாட்சை மாட்டிக்கொண்டு, தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் லைனில் இறங்கினேன். கலெக்டர் மாதிரி நடக்கிறேன் என்று பின்னால் கேலி பேசினார்களாம். பேசட்டும், அப்படித்தான் நடந்தேன்.

அந்த வாரம் ஒரு டி-ஷர்ட் ஆர்டர் ஏற்றுமதிக்குப் போக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் ஞாயிறும் எல்லோரும் வர வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். லைன் தேங்கியது கை மடிப்பில். டி-ஷர்ட்டின் கையை ஃபிளாட்லாக் மெஷினில் மடித்துத் தைக்கும் இடம் அது. அங்கே நான்கு பேர். அதில் ஒருத்தி ஜெசிந்தா, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். மகள் ஊரில் சித்தி வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிறுதான் கோயிலில் அந்தப் பிள்ளைக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் சடங்கு. வெள்ளை கவுனை ஜெசிந்தாவே தைத்துப் பையில் வைத்திருந்தாள். கவுன் இங்கே, பிள்ளை அங்கே.

முதல் நாள் நான் எடுத்த கணக்கைப் பார்த்த முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, ஒரு கை மடிக்கறதுக்கு ஒன்றரை நிமிசமா? ஊசி நூலு எடுத்துக் கையில தெச்சாலே முடிஞ்சிருக்குமுங்களே!"

எனக்கு மானம் போயிற்று. யோசித்துப் பார்த்தால் தப்பு என் வாயில்தான். நான் கொங்கு நாட்டில் பிறந்தவள். ஒருவர் பக்கத்தில் போய் நின்றுவிட்டு "சாப்டாச்சுங்களா" என்று கேட்காமல் இருக்க எனக்கு வராது. வாட்சை அழுத்திவிட்டுக் கேட்பேன். அவர்கள் மரியாதையாக மெஷினை நிறுத்திவிட்டு, "ஆச்சுங்க, நீங்க?" என்பார்கள். என்ன குழம்பு என்பது வரை பேச்சு போகும். வாட்ச் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

மறுநாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். கணக்கு சரியாக வந்தது, ஜெசிந்தாவுடையது மட்டும் இடித்தது. என் வாட்ச் சொன்னதைவிட அதிகமாகவே அவளிடமிருந்து பீஸ் வந்துகொண்டிருந்தது. துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். அம்மாடியோவ்! நூலை வெட்டாமலே ஒரு கைக்குப் பின்னால் அடுத்த கையை விட்டுக்கொண்டே போகிறாள். தைத்த கைகள் பூச்சரம் மாதிரி தொங்குகின்றன. கடைசியில் மொத்தமாக வெட்டிப் பிரிக்கிறாள். நான் எதிரில் நின்றபோது மட்டும் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, கத்தரியைத் தேடித் தேடி எடுத்து வெட்டியிருக்கிறாள்!

எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். "என்னைய என்ன கேனச்சின்னு நெனச்சீங்களா?" என்று கத்தியேவிட்டேன்.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். "கோவப்படாதிய மேடம். முன்ன இருந்த கம்பெனில வேகமாத் தைச்சுக் காட்டுனேன். மறுநாளே எல்லாருக்கும் டார்கெட்ட ஏத்திட்டாவ. கூட இருந்தவளுவ எங்கிட்ட பேசவே மாட்டேன்னுட்டாளுவ. அதான் ஒளிச்சுத் தைக்கேன். இவியளுக்கும் சொல்லிக்குடுத்தா சனிக்கெழமையே முடிஞ்சிரும். ஆனா பயமா இருக்கு மேடம்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு கோர்ஸ் நோட்டு ஞாபகம் வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்க இரும்பாலையில் ஸ்டாப்வாட்சோடு நின்ற ஒரு எஞ்சினியர், தொழிலாளிகள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதைக் கண்டு நொந்துபோனாராம். வேகமாகச் செய்தால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம் என்றும் அவரே சொன்னாராம். நான் நோட்டில் முதல் பாதியை மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

நேராக முதலாளியிடம் போனேன். "வேகமா முடிச்சாலும் டார்கெட்ட ஏத்த மாட்டேன்னு லைன்ல வந்து உங்க வாயால சொல்லோணுமுங்க. ஞாயித்துக்கெழமை லீவு உடறாப்பல நான் முடிச்சுத் தாரேனுங்க."

அவர் தாடையைச் சொறிந்தார். "எல்லார்த்து முன்னாடியும் சொல்லிப்போட்டா அப்பறம் மாத்த முடியாதுங்களே?"

"அதுக்குத்தானுங்க சொல்லச் சொல்றேன்."

சிரித்துவிட்டார். வந்தார், சொன்னார். அவர் முதுகு மறைவதற்குள் மற்ற மூவரும் ஜெசிந்தாவின் மெஷினைச் சுற்றி நின்றார்கள்.

கோர்ஸில் இன்னொரு கதையும் கேட்டிருந்தேன். கொத்தனார்கள் குனியாமல் எடுக்கும்படி செங்கல்லை இடுப்பு உயரத்தில் வைத்தவர் ஒருவர். எங்கள் துணிக்கட்டு தரையில் கிடந்தது. ஸ்டூல் கிடையாது. கேன்டீனில் இருந்த அனுப்பர்பாளையத்துப் பித்தளை அண்டாக்களைத் தூக்கி வந்து ஆளுக்கொன்று கவிழ்த்து, மேலே துணிக்கட்டுகளை வைத்தேன்.

"சோறு எதுலீங்க ஆக்கறது?" என்று சண்டைக்கு வந்தார் கேன்டீன் அக்கா.

"மூணு நாளைக்கு சின்னச் சட்டில மூணு தடவ ஆக்குங்க!" என்றேன். வேறென்ன சொல்வது?

சனிக்கிழமை நாலு மணிக்குக் கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டினோம். லைனே கை தட்டியது. ஜெசிந்தா கவுன் பையை அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். புதுநன்மை என்றால் என்னவென்று எனக்கு முழுசாகத் தெரியாது. ஆனாலும் அப்படியொரு சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை போட்டோவும் அல்வாவுமாக வந்தாள். நான் ஒரு துண்டை வாயில் போட்டதும் என் கழுத்து வாட்சைப் பிடித்து அழுத்தினாள், விழுங்கியதும் மறுபடி அழுத்தினாள். "மேடம், ஒரு துண்டுக்கு ஆறே செகண்டு! டார்கெட்ட ஏத்திருவோமா?" லைன் முழுக்கச் சிரிப்பு.

இன்று ஐ.இ. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். லைனில் போய் நின்றதும் "சாப்டாச்சுங்களா" என்று கேளுங்கள். என்ன குழம்பு என்பதையும் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடித்த பிறகு வாட்சை அழுத்துங்கள்.