நீலத் தோங்குக்குப் போன சோறு

கிச்சாப் என்கிற சோயா சாஸில் புரட்டிய மீ நூடுல்ஸைச் சூட்டோடு டிபன் கேரியரில் அடைத்து மூடினால், மூடியின் உட்புறம் வியர்த்துவிடும். மத்தியானம் வீட்டில் அதைத் திறக்கும்போது அந்த வியர்வை சொட்டுச் சொட்டாக மீயின்மேல் விழ, பூண்டும் கருகிய வெங்காயமும் கலந்த ஒரு மந்தமான வாசனை எழும்பும். எனக்கும் என் தம்பிகள் இருவருக்கும் பள்ளி நாள்களில் மத்தியானச் சாப்பாடு என்றால் அந்த வாசனைதான். மாதக் கடைசியில் ராத்திரிச் சாப்பாடும் அதே டிபன் கேரியரின் அடித்தட்டிலிருந்துதான் வரும். சூடான மீயை யாராவது என் முன்னால் வைத்தால் இன்றும் எனக்கு அது ஏதோ பாதி வெந்ததுபோலத் தோன்றுகிறது.

அப்போது நாங்கள் கிள்ளானில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், லிஃப்ட் வேலை செய்யாத ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அப்பா துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். இடுப்பில் வலி கண்ட பிறகு சில நாள் வேலை இருக்கும், பல நாள் இருக்காது. அம்மா நான் படித்த தமிழ்ப்பள்ளியின் கெண்டினில் வேலை செய்தார். வெங்காயம் நறுக்குவது, சோறு வடிப்பது, மேசை துடைப்பது எல்லாம் அவர்தான். வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினமும் இலவசமாகப் பசியாறக் கொடுப்பார்கள்; ஏனோ அந்தப் பட்டியலில் என் பேர் வரவில்லை. சளி, காய்ச்சல், மழை, கோயில் திருவிழா என்று தினமும் சில பிள்ளைகள் வரமாட்டார்கள். அவர்கள் பங்கு சட்டியிலேயே கிடக்கும். கெண்டினை ஏலம் எடுத்து நடத்தியவரை நாங்கள் எல்லாரும் 'அங்கிள்' என்போம். "கொண்டு போ லா சரசு, குப்பைக்குப் போறதுக்கு உன் பிள்ளைங்க வயித்துக்குப் போகட்டும்" என்று அவரே டிபன் கேரியரை எடுத்து அம்மாவிடம் நீட்டுவார்.

இதில் அம்மாவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. தட்டில் மிஞ்சியதைத் தொடமாட்டார். "தட்டுல மிஞ்சினது எச்சில், சட்டியில மிஞ்சினது சாப்பாடு. நாம சட்டியில மிஞ்சினததான் சாப்பிடுறோம். யாருக்கும் தல குனிய வேண்டியதில்ல" என்று பெரிய தம்பியிடம் அடிக்கடி சொல்வார். தலை குனிய வேண்டியதில்லை என்று சொன்னவர்தான், பள்ளி வாசலைத் தாண்டும்வரை டிபன் கேரியரின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு நடப்பார். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. சாப்பாட்டில் ஈ மொய்க்காமல் இருக்கத்தான் துண்டு என்று நினைத்திருந்தேன்.

நான் ஐந்தாம் ஆண்டில் படிக்கும்போது பள்ளிக்கு நீலத் தோங் வந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான பிளாஸ்டிக் பீப்பாய். காற்றுப் போக உடம்பெல்லாம் துளை போட்டிருந்தார்கள். கொண்டுவந்தவர் அறிவியல் சொல்லிக்கொடுத்த புஷ்பா டீச்சர். அவரைப்பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கு மனம் வராது. நாற்காலி செய்யும் பட்டறைக்குத் தன் காரிலேயே போய் மரத்தூள் மூட்டை ஏற்றி வந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மிஞ்சிய உணவு ஓர் அடுக்கு, மரத்தூள் ஓர் அடுக்கு, காய்ந்த இலை ஓர் அடுக்கு என்று எங்களோடு நின்று கொட்டியவர். "நாம வீசுற சாப்பாடு எல்லாம் எங்க போவுது தெரியுமா? லோரியில ஏறிக் குப்பைமேட்டுக்குப் போவுது. அங்க கிடந்து நாறுது. இங்க போட்டா மண்ணாவுது" என்று அவர் சொன்னது சத்தியமான பேச்சு. பசுமைக் கழகத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டு பச்சை பேட்ஜ் ஒன்றும் குத்திவிட்டார். ஓய்வு நேரம் முடிந்ததும் தோங்கின் மூடியைத் திறந்து பிடிப்பதும், பிறகு துடுப்பு மாதிரியான ஒரு மரக்கட்டையால் கிளறிவிடுவதும் என் வேலை. கெண்டின் ஜன்னல் வழியாக அம்மா அந்தப் பேட்ஜைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார்.

பிறகுதான் போட்டி வந்தது. மாவட்டத்துப் பள்ளிகளுக்குள் எந்தப் பள்ளி நன்றாக உரம் செய்கிறது என்று பார்க்க வருகிறார்களாம். பிள்ளைகளுக்கு உற்சாகம் வரட்டுமென்று டீச்சர் வகுப்புக்கு ஒரு வாளி கொடுத்தார்; எந்த வாளியில் அதிகம் சேர்கிறதோ அந்த வகுப்புக்குப் பலகையில் ஒரு நட்சத்திரம். அவர் நினைத்தது, மிச்சத்தை மேசையடியில் கொட்டாமல் ஒழுங்காக வாளியில் போடுவார்கள் என்று. பிள்ளைகளோ நட்சத்திரத்துக்காகச் சாப்பாட்டையே போட ஆரம்பித்தார்கள். "டேய், முழுசா சாப்பிடாதடா, நம்ம வாளி பாதிகூட நிறையல!" என்று வகுப்புத் தலைவன் மேசை மேசையாகக் கத்திக்கொண்டு போவான். கோழிச்சோறு போட்ட நாளில்கூடக் கோழித்துண்டு கடிபடாமல் வாளிக்குள் விழுந்தது. உணவு வீணாகாமல் இருக்கக் கொண்டுவந்த திட்டம், பள்ளியில் அதுவரை வீணாகாத உணவையும் வீணாக்கியது. பள்ளி முழுக்க அதற்குக் கைதட்டியது. மூடியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு வயிறு எரியும். நிஜமாகவே எரியும், காலையில் வெறும் தேநீரோடு வந்தவளுக்கு வேறென்ன ஆகும்?

கூடவே ஒரு விதியும் வந்தது. கெண்டினில் மிஞ்சும் எதுவும் வெளியே போகக்கூடாது, எல்லாம் தோங்குக்குத்தான். வீட்டுக்குக் கொண்டுபோன உணவைச் சாப்பிட்டு யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் பள்ளியின் பேர் கெடும் என்பது ஒரு காரணம். போட்டி இன்னொரு காரணம். அங்கிள் தலையைச் சொறிந்துகொண்டே வந்து, "சரசு, இனிமே எடுக்காத லா. நான் சொல்லல, மேல இருந்து சொல்றாங்க. எனக்குப் பிரச்சின வந்துடும்" என்றார். அம்மா "சரி அங்கிள்" என்றார். கொஞ்ச நாள் எடுக்கவும் இல்லை. அந்த நாள்களில் வீட்டில் ரசமும் அப்பளமும், இல்லாவிட்டால் ஒரு பாக்கெட் மேகியை மூன்றாகப் பிரித்தும் ஓட்டினோம். அப்புறம் அப்பாவுக்கு இருந்த கொஞ்ச வேலையும் நின்றுபோனது. டிபன் கேரியர் மறுபடி துண்டுக்குள் புகுந்தது. இந்த முறை கெண்டினின் பின்பக்கம், சமையல் கேஸ் தோம்புச் சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் அம்மா எங்களுக்காகத் திருட வேண்டியதாயிற்று. திருட்டு என்ற சொல்லை நான் வைக்கவில்லை, அந்த விதி வைத்தது.

போட்டிக்குப் பார்வையிட வந்தது ஒரு மலாய்க்காரப் பெண்மணி. சிரித்த முகம், கழுத்தில் கேமரா. ஓய்வு நேரம் முடிந்த கையோடு டீச்சர் அவரைக் கெண்டின் பின்பக்கம் அழைத்து வந்தார். நான் பேட்ஜோடு தோங்கின் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் ஒரு பருக்கைகூட வெளியே போவதில்லை என்று டீச்சர் மலாயில் பெருமையாக விளக்கிக்கொண்டே வந்தவர், கேஸ் தோம்புப் பக்கம் திரும்பினார். துண்டு நழுவிக் கிடந்தது. டிபன் கேரியர் பளபளவென்று வெயிலில் நின்றது.

டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இத்தனை வருடம் உறுத்தியிருக்காது என்று நினைக்கிறேன். முகம் சிவந்து, குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்: "அக்கா, இதையும் தோங்குல போட்டுடுறீங்களா?"

அம்மா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தார். "அய்யோ, தெரியாம எடுத்து வச்சிட்டேன் டீச்சர்" என்று சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் அம்மாவின் முகத்தில் பார்த்ததில்லை; கடைக்காரன் முன்னால், வாடகை கேட்க வருகிறவன் முன்னால்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. டிபன் கேரியரை எடுத்து வந்து என் முன்னால் நின்றார். நான் மூடியைத் திறக்க வேண்டும், அதுதான் என் வேலை. என் கை வரவில்லை. "தெறம்மா" என்றார் அம்மா, எனக்கு மட்டும் கேட்கும்படி. திறந்தேன். மேல் தட்டில் இருந்த நாசி கோரேங் வறுத்த சோறு முதலில் விழுந்தது, அடுத்து மிளகாய்ச் சம்பால், கடைசித் தட்டிலிருந்து பாதி பாதியாக வெட்டிய அவித்த முட்டைகள். சின்னவனுக்கு மஞ்சள் கரு பிடிக்கும். வந்த பெண்மணி கேமராவை உயர்த்தி, "பாகுஸ்!" என்று பாராட்டிப் படம் எடுத்துக்கொண்டார். தோங்குக்குத் தட்டில் மிஞ்சியதும் ஒன்றுதான், சட்டியில் மிஞ்சியதும் ஒன்றுதான். நான் அதன்மேல் ஒரு பிடி மரத்தூளைத் தூவினேன்.

அன்று வீட்டுக்கு நடந்தபோது அம்மாவின் கையில் டிபன் கேரியர் துண்டில்லாமல் ஆடிக்கொண்டு வந்தது. காலித் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்று சத்தம் போட்டன. கதவைத் திறந்ததும் தம்பிகள் ஓடிவந்து அதைப் பிடுங்கித் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒண்ணுமே இல்ல?" என்றார்கள்.

"இன்னைக்கு மிச்சம் இல்லடா. பிள்ளைங்க எல்லாம் நல்லா சாப்ட்டுட்டாங்க" என்றார் அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பேட்ஜைக் கழற்றிப் பையின் அடியில் போட்டுவிட்டு, தம்பிகளுக்குக் காய்ந்த ரொட்டியில் சீனி தூவிக் கொடுத்தேன்.

இந்தக் கதை தோங் நாறிப்போனது என்று முடிந்திருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் அது நாறவில்லை. மூன்று நான்கு மாதத்தில் நல்ல உரமாக, கையில் எடுத்தால் மழை பெய்த மண்போல வாசம் வீசும் கறுப்புப் பொடியாக வந்தது. கெண்டின் ஓரம் போட்ட பாத்தியில் கத்தரிக்காய் காய்த்துத் தள்ளியது. பள்ளிக்கு ஒரு கேடயமும் கிடைத்தது. டீச்சர் ஒரு பை நிறையக் கத்தரிக்காயை அம்மாவிடம் கொடுத்து, "அக்கா, உங்களுக்குத்தான் முதல்ல" என்றார். அவர் மனத்தில் என்ன இருந்ததோ தெரியாது. அந்த நாள் அவரையும் உறுத்தியிருக்கலாம். அம்மா அதைப் புளிக்குழம்பாக வைத்தார். தம்பிகள் வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனாலும் சாப்பிட்டேன், பசி விட்டால்தானே! குழம்பு ருசியாக இருந்தது, அதுதான் இன்னும் ஆத்திரம். அந்த வருடத்தோடு அம்மா கெண்டினை விட்டுவிட்டு, கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

இப்போது அந்தக் கெண்டின் இல்லை. தகரக் கூரையைப் பிரித்துவிட்டு அங்கே மண்டபம் கட்டிவிட்டார்கள். பாத்தி இருந்த இடத்தில் ஆசிரியர்களின் கார்கள் நிற்கின்றன. அங்கிள் இறந்துவிட்டார். டிபன் கேரியர் வீடு மாறியபோது எங்கே போனதென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. யாரும் தேடவும் இல்லை.

போன மாதம் என் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். உணவுக்கழிவை உரமாக்கும் திட்டம், திரையில் அழகான படங்கள் போட்டு விளக்கினார்கள். இப்போது தோங் இல்லை, மெஷின். கடைசியில் "வேற கேள்வி?" என்றபோது, கூட்டத்தில் எப்போதும் வாய் திறக்காத நான் எழுந்து நின்றேன். "மெஷின்ல போடறதுக்கு முன்னால, சட்டியில மிஞ்சின சாப்பாட்ட வேணுங்கறவங்க எடுத்துட்டுப் போகலாமா? தட்டுல மிஞ்சினத சொல்லல, சட்டியில மிஞ்சினது" என்றேன். மேடையில் இருந்தவர், "நல்ல எண்ணந்தான் சிஸ்டர். ஆனா ஃபூட் பாய்சன் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. என் அம்மா கெண்டினில் வேலை செய்ததையும், நாங்கள் எதைச் சாப்பிட்டு வளர்ந்தோம் என்பதையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். ஒருவர் தொண்டையைச் செருமினார். "சரி, பார்க்கலாம்" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கெண்டின் அக்கா மட்டும் கூஜாவைச் சாய்த்த கையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கெண்டின் அக்கா தலையைக் குனிந்துகொண்டதையும். இப்போது அவர் என்னோடுதான் இருக்கிறார். சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரின் முகம் மாறிப்போனது. "ஏம்மா இதயெல்லாம் போய்ச் சொன்ன? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்லா, நாம மிச்சம் சாப்ட்டவங்கன்னு" என்றார். சட்டியில் மிஞ்சியதுக்குத் தலை குனிய வேண்டியதில்லை என்று சொல்லி வளர்த்தவர். நானும் உட்கார்ந்து ஒரு கட்டுக் கீரையை இழுத்துக்கொண்டேன்.

பாதிக் கட்டு ஆய்ந்ததும் அவரே கேட்டார்: "அந்த கெண்டின் பொம்பளைக்கு எத்தன பிள்ளைங்க?"

"தெரியலம்மா. கேக்கல."

அம்மா ஒரு தண்டை ஒடித்துத் தட்டில் போட்டார்.

"கேட்டிருக்கணும்லா" என்றார்.