நெந்தா எடுத்த பென்சில்

ஏழு வயதில் எனக்கு ஊதா நிறத்தில் ஒரு நாக்கு இருந்தது. ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அந்த ஒரு நாளில் எங்கள் வீட்டில் ஓர் ஆள் குறைந்துபோனார்.

முப்பதுகளின் ஆரம்பம் அது. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு நாங்கள் கண்டிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அப்பாவுக்கு டவுனில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. குண்டசாலைக்குப் போகும் ரோட்டோரத்தில் வாடகை வீடு, கிளுவை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கள அம்மா இருந்தார். அவரை நெந்தா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். சிங்களத்தில் அத்தையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நெந்தாவின் தமிழ் சந்தையில் பொறுக்கியது. என் சிங்களம் அந்த அளவுக்குக்கூடத் தேறாது.

எங்களோடு சித்தப்பாவும் இருந்தார். வேலை கிடையாது, சிரிப்பு மட்டும் நிறைய உண்டு. ஒரு தடவை பெரஹரா ஊர்வலம் பார்க்க அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கேட்காமல் கட்டிக்கொண்டு போய், வெறுங்கையோடு வந்தவர். அப்பா அதை மறக்கவே இல்லை. இருந்தும் தம்பி தம்பிதானே. எவ்வளவோ கெஞ்சி, கந்தோரில் பியூன் வேலைக்கு அவரைச் சேர்க்க வெள்ளைக்காரத் துரையைச் சம்மதிக்க வைத்திருந்தார். “என் தம்பி யோக்கியன், நான் பொறுப்பு” என்று சொல்லியிருந்தாராம். திங்கட்கிழமை காலை கூட்டிக்கொண்டு போகவேண்டும். சித்தப்பா ஒரு வாரமாக அப்பாவின் பழைய சப்பாத்துக்கு மெழுகு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபோது, அதன் பைக்குள் துரையின் பென்சில் இருந்தது. துரை சொன்னதை எழுதி முடித்த அவசரத்தில் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சாதாரணப் பென்சில் இல்லை. நாக்கில் நனைத்தால் ஊதாவாக எழுதும், அழித்தால் போகாது. துரையின் பெயரெழுத்து வெட்டிய வெள்ளி மூடி வேறு. அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. “திங்கக்கிழமை அவரு வர்றதுக்குள்ள மேசையில வச்சிடணும். இல்லாட்டி நான் திருடன்” என்று அம்மாவிடம் சொல்லி, அதை மாதா படத்துக்குப் பின்னால் வைத்தார்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்த பிறகு எடுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எடுத்துக்கொண்டு வேலியோரம் போய், நாக்கில் நனைத்து நனைத்து, விழுந்து கிடந்த பலா இலைகளில் எல்லாம் என் பெயரை எழுதினேன்.

அன்று போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நாள். நெந்தா வெள்ளைச் சேலையில், வெள்ளைச் சட்டையில், வேலியோரம் பூப்பறித்துக்கொண்டிருந்தார். என் நாக்கைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“ஐயோ துவே, நாக்கு என்ன கலர்? பென்சில் யாரு குடுத்தது?”

துவே என்றால் மகளே. “அப்பா” என்றேன். நெந்தா தலையை ஆட்டினார். தட்டில் இருந்த பூவைக் காட்டி, “நானும் பன்சில் எடுக்கத்தான் போறது” என்றார்.

பன்சில் என்பது பஞ்சசீலம். விகாரைக்குப் போய், கொல்லமாட்டேன், கொடுக்காததை எடுக்கமாட்டேன், பொய் சொல்லமாட்டேன் என்பது போல ஐந்து வாக்குக் கொடுத்துவிட்டு வருவது. சிங்களத்தில் அதைப் பன்சில் எடுப்பது என்றுதான் சொல்வார்கள். இது எனக்குத் தெரிய வருடங்கள் ஆயின. அன்று என் காதில் விழுந்தது பென்சில். விகாரையில் பூவைக் கொடுத்துவிட்டுப் பென்சில் எடுக்கலாம் போலிருக்கிறது, நம் கோயிலில் இந்த வசதி இல்லையே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

பென்சிலை விறகுக் கும்பலுக்குள் செருகிவிட்டுப் பூசைக்குப் போனேன். பூசை முழுக்க வாயைத் திறக்கவில்லை. பாட்டுக்கும் திறக்கவில்லை. ஞானோபதேச வகுப்புக்குப் போகத் தொடங்கியதும் பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

திரும்பி வந்து அப்பா மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டார். படத்தைக் கழற்றினார். பாயை உதறினார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார்.

“எடுத்தியா?”

“இல்லண்ணே.”

“கடிகாரத்துக்கும் மொதல்ல இப்படித்தான் சொன்ன.”

அப்பா இடுப்புப் பெல்ட்டைக் கழற்றினார். யாருக்கென்று தெரியவில்லை. சித்தப்பாவுக்கு அடி விழக்கூடாது, எனக்கும் விழக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது. எட்டாம் கட்டளையை அந்த வாரம்தான் மனப்பாடம் செய்திருந்தேன். அப்போதுதான் அந்த நல்ல யோசனை வந்தது.

“நெந்தாதான் பென்சில் எடுத்தாங்க. அவங்களே சொன்னாங்க” என்றேன்.

சப்பாத்தும் கையுமாகக் கீழே உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. அவர் என் வாயையே பார்த்தார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

அப்பா வேலிக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். நெந்தா அப்போதுதான் விகாரையிலிருந்து வந்திருந்தார்.

“நோனா, தப்பா நெனைக்காதீங்க. பென்சில் நீங்களா எடுத்தது?”

நெந்தாவின் முகம் மலர்ந்தது. “ஒவ், எடுத்தது. வெள்ளனவே எடுத்தது.”

சித்தப்பாவுக்குத்தான் சிங்களம் நன்றாக வரும். அவர் சிரித்துக்கொண்டே நெந்தாவிடம் ஏதோ சொன்னார், அப்பாவின் காதிலும் ஏதோ சொன்னார். நெந்தாவும் சிரித்தார். எனக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பெல்ட் இன்னும் கையில் இருந்தது.

“அப்ப ஒண்ணு சொல்லுங்க நோனா. காலைல இந்தப் பக்கம் எங்க வீட்டு ஆளு யாரு கையிலயாவது பென்சில் ஒண்ணப் பாத்தீங்களா?”

நெந்தாவின் சிரிப்பு நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் சேலைக்குள் பாதி நுழைந்திருந்தேன். வேலியில் ஓர் இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே நின்றவர், கடைசியில் சொன்னார்.

“பாக்கல்ல.”

எனக்கு உயிர் வந்தது. நெந்தாவுக்கு மறதி அதிகம், கடவுளுக்கு நன்றி என்று நினைத்தேன்.

நெந்தாவும் பார்க்கவில்லை என்றால் மிச்சம் ஒரே ஆள்தான். அப்பா மெதுவாகச் சித்தப்பா பக்கம் திரும்பினார். சித்தப்பா, காலையிலிருந்து என் கண் ஆயிரம் தடவை போய்வந்த விறகுக் கும்பலுக்கு நேராக நடந்து, கையை விட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தார்.

“நான்தாண்ணே. நாளைக்குத் தொர முன்னால கையெழுத்துப் போடணுமில்ல, போட்டுப் பாக்கலாம்னு எடுத்தேன்.”

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெல்ட்டைத் திரும்ப இடுப்பில் மாட்டிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார். “தொரையோட பொருளத் தொட்டவனுக்கு நான் எப்படிடா பொறுப்புச் சொல்றது? பஸ்ஸப் புடிச்சு மடுல்கெல்லைக்குப் போயிடு. பெரியண்ணன்கிட்டச் சொல்லித் தோட்டத்துல பேர் பதிஞ்சுக்க.” துரையின் மேசையிலிருந்து அதை முதலில் எடுத்தது யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அம்மாவாவது கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

மத்தியானமே சித்தப்பா டிரங்குப் பெட்டியோடு கிளம்பினார். சப்பாத்தைக் கதிரைக்குக் கீழே சோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு போனார். வாசலில் என் பக்கம் குனிந்து, “தேங்காய்ப் பொச்சு போட்டு நல்லா நாக்கத் தேய்” என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் நெந்தா நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நெந்தா திரும்பக் கும்பிடவில்லை. கும்பிட மறந்தவர் மாதிரி, பெட்டி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

சித்தப்பா மடுல்கெல்லையிலேயே தங்கிவிட்டார். மலையில் முப்பது வருடம். எப்போதாவது நத்தார்ப் பெருநாளுக்கு வருவார், சிரிப்பார், யாரிடமும் எதையும் சொல்லமாட்டார். நானும் அப்பா இருக்கும்வரை சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை அப்பா பென்சிலோடு கந்தோருக்குப் போனார். துரைக்கு அது காணாமல் போனதே தெரியாதாம். அப்பா தனியாகத்தான் போனார். நான் நாக்கு வெளுத்துவிட்டதா என்று தண்ணீர்ப் பீப்பாயில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போயா முடிந்துவிட்டது. இருந்தும் நெந்தா அன்றும் வெள்ளைச் சேலையில், பூத்தட்டோடு கிளம்பினார். கண் வீங்கியிருந்தது.

“எங்க போறீங்க நெந்தா?”

“பன்சில் எடுக்க.”

“நேத்துத்தானே எடுத்தீங்க?”

நெந்தா வேலியருகில் நின்று என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. “அது போச்சு துவே” என்றார்.

எனக்குத் திக்கென்றது. காலையிலேயே என் மேல் இன்னொரு பழியா?

“நான் எடுக்கல நெந்தா” என்றேன் அவசரமாக.