ரெக்கார்டு நோட்டில் வலது பக்கம்

பாத்திரம் கழுவும்போதுதான் என் அண்ணி எலும்புகளின் பெயர்களைப் படிப்பாள். தட்டு தேய்த்தால் முன்கை எலும்பு இரண்டும் வரும், குழம்புச் சட்டி என்றால் மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளும் வரும். சட்டி எவ்வளவு கருகியிருக்கிறதோ அவ்வளவு படிப்பு. அடி பிடித்துப் போன நாட்களில் எங்கள் வீட்டில் முதுகுத்தண்டு முழுவதும் ஒப்பித்து முடிந்துவிடும்.

ஆறு வருடம் அவள் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக இருந்தவள். மலக்கோப்பை எடுத்தாள், விரிப்பு மாற்றினாள். முப்பத்தி நான்காவது வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு, நர்சிங் பள்ளியில் இடம் கேட்டு வாங்கினாள். வகுப்பில் மற்றவர்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பெரியம்மா’. அப்படிக் கூப்பிட்டால் அண்ணி என்ன என்று திரும்பிப் பார்ப்பாள், கோபப்பட மாட்டாள்.

நான் அவள் கணவரின் தங்கை. ஏழாம் வகுப்போடு நின்றவள். வீட்டிலேயே துணி தைக்கிறேன். ஆட்கள் வந்தால் இஞ்ச் டேப்பைப் பார்த்தே பேசுவேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். என்னை யாரும் தொட்டால் உடம்பு சுருங்கிவிடும். காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போகாமல் போர்வைக்குள் கிடந்தே சரிசெய்து கொள்வேன்.

வகுப்பில் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் உடம்பில் ஒருவர் தொட்டுப் பார்த்துப் பழகுவார்கள். மொத்தம் இருபத்தொரு பேர். மிஞ்சுவது எப்போதும் அண்ணிதான். அதனால் அவளுடைய பாடப்புத்தகம் நான் ஆனேன். கையை வைக்கும் முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குவாள், “இப்ப தொடறேன் பாப்பா” என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். முப்பத்தொரு வயதிலும் நான் அவளுக்குப் பாப்பாதான். என் பழைய சட்டை ஒன்றின் மேல் என்னுடைய சாக்கட்டியாலேயே விலா எலும்புகளை வரைவாள். நெஞ்சு நடு எலும்பில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சிறு மேடு உண்டு. அதற்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து கீழே எண்ணிக்கொண்டு வர வேண்டும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், இடது பக்கம், இதயத்தின் முனை துடிக்கும் இடம்.

முதல் வருடத்தில் ஒரு பயிற்சி இருந்தது. ஆரோக்கியமான ஒருவருடைய இதயத் துடிப்பை அந்த இடத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணி, எந்தப் பக்கம், எத்தனை என்று பத்து நாள் ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். பாடம் எடுக்கும் மேடம் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வுக்கு உட்காரலாம். உட்காராவிட்டால் அந்த வருடம் போய்விடும். மறுபடி ஒரு வருடம் படிக்க எங்கள் வீட்டில் வழி இல்லை.

முதல் மூன்று நாள் அண்ணிக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது போலத்தான் இருக்கிறது என்றாள். நான்காம் நாள், தன் காதுதான் மந்தம் என்று நினைத்துக் கருவியைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். இடதில் தெளிவாகக் கேட்டது. மறுபடி என் நெஞ்சில் வைத்தாள். இம்முறை இடதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வலது பக்கம் வந்தாள். அங்கே நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் அசையவில்லை. பிறகு என் வலது மார்புக்குக் கீழே துணியின் மேல் சாக்கட்டியால் ஒரு சிறு பெருக்கல் குறி போட்டாள். மீதி ஏழு நாளும் அதே குறியில்தான் துடிப்பு கேட்டது.

நோட்டில் முதல் மூன்று நாளுக்கு, தெளிவாகக் கேட்கவில்லை என்று எழுதினாள். அடுத்த ஏழு நாளுக்கு வலது பக்கம் என்று எழுதினாள்.

மேடம் ஏழையும் சிவப்பு மையால் அடித்தாராம். இதயம் எந்தப் பக்கம் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும், நீங்கள் யார் நெஞ்சிலும் கருவியை வைக்காமலே வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொண்டுவராவிட்டால் கையெழுத்து கிடையாது. பிள்ளைகளில் ஒருத்தி, பெரியம்மா கண்ணாடியில் பார்த்து எழுதியிருப்பாங்க என்றாளாம். அண்ணி இதை எங்களிடம் சொல்லும்போது தானும் கொஞ்சம் சிரித்தாள்.

அண்ணன், ஒரு வார்த்தைதானே, மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

“மாத்திடுங்க அண்ணி,” என்றேன். “என்னால உங்க படிப்பு கெட வேணாம்.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. “நாளைக்கு வார்டுல ஒருத்தருக்கு நூத்திமூணு காய்ச்சல் அடிக்குதுன்னு வை. புத்தகத்துல தொண்ணூத்தெட்டுன்னு போட்டிருக்குன்னு அதையா எழுதுவேன்? என் காதுல கேட்டது அங்கதான்.”

“அப்ப மேடம்கிட்ட என்ன சொல்வீங்க?”

“கேட்டதைச் சொல்வேன். அவங்க நம்பலைன்னா அது அவங்க பாடு.”

என்னை வரச் சொல்லி அவள் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். நான் அப்படிச் சொல்லும் நிலை வரக்கூடாது என்றுதான் அவள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தைக்க வேண்டிய துணியை ஓரமாக வைத்துவிட்டு, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணி என்னைப் பார்த்தாள். பஸ் ஏறியதும் இரண்டு டிக்கெட் வாங்கினாள்.

அவள் வகுப்பறையில் ஒரு எலும்புக்கூடு கொக்கியில் தொங்கியது. இருபது பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் எலும்புக்கூட்டின் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லாமலே அண்ணி மூலையிலிருந்த திரையை இழுத்து வந்து என்னைச் சுற்றி நிறுத்தினாள். மேடம் மட்டும் உள்ளே வந்தார். முதலில் இடதில் வைத்தார். முகம் சுளித்தது. கருவியின் தலையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். அப்புறம் வலதுக்குப் போனார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

“எண்பத்தி ரெண்டு,” என்றார் கடைசியில்.

“பயந்திருக்கா மேடம்,” என்றாள் அண்ணி. “வீட்டுல எழுபத்தி ரெண்டுதான் வரும்.”

மேடம் வெளியே போய் நோட்டை வாங்கி, ஏழு அடிப்புகளுக்குப் பக்கத்திலும் ஒவ்வொன்றாகத் தன் பெயரை எழுதினார். “இருபது வருஷமா சொல்லிக் குடுக்கிறேன். வலதுல இருக்கிற இதயத்தைக் காதால கேக்கிறது இதான் முதல் தடவை,” என்று பிள்ளைகளிடம் சொன்னார். கண்ணாடி என்று சொன்னவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். இதயம் வலதில், கல்லீரல் இடதில், உள்ளே எல்லாமே பக்கம் மாறி இருக்கிறது. நோய் ஒன்றும் இல்லை, பிறப்பிலேயே அப்படி என்றார் டாக்டர். தைக்கும்போது ஒரு சட்டையின் உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டால் இரண்டு கைகளும் இடம் மாறுமே, அது போல. எங்கள் வீட்டில் ஒருத்தர்கூட நேராக இல்லை என்று அண்ணன் சொல்லிச் சிரித்தார்.

செய்முறைத் தேர்வில் அண்ணிக்கு வந்தது யாரோ ஒரு வயதானவர். அவள் இடது, வலது இரண்டிலும் வைத்துக் கேட்டுவிட்டு இடது என்று எழுதினாளாம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், வலதில் எதற்கு நேரத்தை வீணாக்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார். “எழுதறதுக்கு முன்னாடி கேட்டுக்கிட்டேன் சார்,” என்றாளாம். மேடம் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

இப்போது அவள் வார்டில் நர்ஸ். என் பர்சில் அவள் கையெழுத்தில் ஒரு அட்டை இருக்கிறது. நான் மயங்கி விழுந்தாலும் பேச முடியாமல் போனாலும் பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. இதயம் வலது, கல்லீரல் இடது, குடல்வால் வலி வந்தால் இடது பக்கம் வரும். கடைசி வரியை மட்டும் அடிக்கோடிட்டிருக்கிறாள்: தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடவும்.