மூக்கு எரிந்தால்தான் சுத்தம்

கொச்சி மட்டாஞ்சேரியின் சுக்குக் கிடங்கில் பெருக்கிக்கொண்டிருந்த அலாவுதீனை முதலாளியாக்கியது கொரோனா. முதுகில் கிருமிநாசினி மருந்துக் குடுவையைக் கட்டிக்கொண்டு வில்லிங்டன் தீவு அலுவலகங்கள் முழுக்கக் கூலிக்கு அடித்தார். உள்ளே நுழைகிறவர்களுக்கு மூக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால், "மருந்தே அடிக்கல்லே" என்று சண்டைக்கு வருவார்கள். கிருமி செத்ததா என்று எவன் பார்த்தான்? அலாவுதீன் பிளீச்சிங் பவுடரை இரண்டு மடங்காகக் கரைத்தார். முதலில் அந்த நெடி ஏறியது அவர் மூக்கில்தான்.

பயம் போனதும் அழைப்புகள் நின்றன. பழைய கிடங்குக்கே திரும்பினார். அங்கே பெருக்குகிறவர்தான் பூசணம் பிடித்த மூட்டையை வாசனையிலேயே கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும்.

அந்த வாரமே, அவர் ஒதுக்காமல் விட்ட மூட்டை ஒன்றை மேஸ்திரி அனில் பிரித்தார். சுக்கெல்லாம் பச்சைப் பூசணம்.

"இக்கா, இந்த நாத்தம் கிட்டல்லையா?"

அலாவுதீன் குனிந்து ஆழமாக இழுத்தார். ஒன்றுமே வரவில்லை.

"நாளை முதல் வரவேண்டாம் இக்கா."

வீட்டில் மனைவி சுபைதா சாயா நீட்டினாள்.

"இஞ்சி தட்டிப் போட்டது. நல்ல மணமா இருக்கில்லே?"

முகத்தில் ஆவி மட்டும் பட்டது.

"இருக்கு," என்றார் அலாவுதீன்.