மாமன் மடி இல்லாத பிள்ளை

கம்பவுண்டர் என்றால் கலர்த்தண்ணி கலக்குகிறவன் என்பார்கள். அந்தத் தண்ணிக்கு அடங்காத வியாதி வந்து நிற்கும்போது நம் முகம் போகிற போக்கு, உங்களைப்போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

நிற்காத ரத்தம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கம்பத்தில் ஒரு டாக்டரிடம் இருந்தேன். காமயகவுண்டன்பட்டி விவசாயி ஒருவர், முதல்நாள் காது குத்திய மகனை மனைவியோடு வண்டியில் கொண்டுவந்தார். பிள்ளையின் சட்டை, தாயின் சேலை எல்லாம் ரத்தம். பஞ்சை வைத்து அழுத்தினேன். நிற்பதுபோல் நிற்கும், கையை எடுத்தால் கசியும். தாய்மாமன் இல்லாததால் சித்தப்பன் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்களாம். தகப்பன் சொன்னார்: "மாமன் மடியில உக்காராமக் குத்துனா ரத்தம் எப்படிய்யா நிக்கும்? ஊரே அதத்தான் சொல்லுது."

டாக்டர் கேட்ட கேள்வி

டாக்டர் சிரிக்கவில்லை. தாயிடம், "கூடப்பிறந்தவன் ஒருத்தன்கூட இல்லையாம்மா?" என்றார்.

"ரெண்டு அண்ணன் இருந்தாக. பெரியவுகளுக்குப் பல்லுப் பிடுங்குன எடத்துல ரத்தம் நிக்கல. சின்னவுக வண்டியில இருந்து விழுந்து, வயிறு வீங்கிப் போயிட்டாக."

டாக்டர் பிள்ளையின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தார். அரைமணிக்கு மேலாகியும் உறையவில்லை. ஹீமோபீலியா, தாய்வழியில் வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிக்கும் என்றார். அந்தப் பெண் கேட்டாள்: "அப்ப நான் பெத்ததுக்கு நானேவா விஷம் வச்சேன்?"

மதுரை தூரம்

இதற்கென்று மருந்து கிடையாது. இன்னொருவர் ரத்தத்தை ஏற்றலாம், அதுவும் மதுரைக்குப் போய். தகப்பன் யோசிக்காமல் கையை நீட்டினார். மதுரையில் அவர் ரத்தத்தை ஏற்றியதும் கசிவு நின்றது. பிழைத்தான் என்றே நினைத்தோம். அடுத்த வருஷம் வரப்பில் விழுந்து தலையில் அடி. மறுபடி மதுரைக்குக் கிளம்பினார்கள். வழியில் ஆண்டிபட்டிகூடப் பிள்ளை தாண்டவில்லை. திரும்பி வந்த தகப்பன் என் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்: "எங்கிட்ட ரத்தம் இருக்குய்யா, மதுரைதான் தூரமாப் போச்சு."

பெண் பிறந்தது

பிறகு அவர்களுக்குப் பெண் பிறந்தது. தாய் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி. "பொட்டப்பிள்ளைக்கு வராதுல்ல?" என்று டாக்டரைக் கேட்டாள். இவளுக்கு வராது, இவள் பெறும் மகனுக்கு வரலாம், வராமலும் போகலாம், முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்றார் அவர். பாவி மனுஷன், பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு. குழந்தையை மடியில் திருப்பிப் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "அப்ப இவளும் ஒரு பையனப் பெத்துப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும், என்னைய மாதிரி."

கடைசியில் அந்தக் குடும்பத்துக்கு எங்கள் வைத்தியம் கொடுத்தது வியாதியின் பேர் ஒன்றுதான், அதுவும் அவர்கள் வாயில் நுழையாத பேர்.