சல்லி மணலில் ஒரு மாடிக்கு இடம் தேடிய நாள்

ஆகஸ்டில் நான் திருகோணமலைக்குப் போனது கடலில் குளிக்க அல்ல. அங்குள்ள சல்லிக் கிராமத்தில் மீனவப் பெண்கள் சங்கம் ஒரு மாடி மண்டபம் கட்டப்போகிறது. கடல் பொங்கினால் ஊர் ஏறி நிற்பதற்கு. நிலம் குலுங்கினால் அதன் அடி மணல் தாங்குமா என்று பார்ப்பது என் வேலை. நீர் ஊறிய தளர்ந்த மணல் குலுக்கத்தில் கூழாகிவிடும்; மேலே நிற்பது சாயும். இலங்கையில் பெரிய குலுக்கம் அரிதுதான். அடைக்கலம் கட்டுகிறவர்கள் அதைச் சொல்லித் தப்ப முடியாது.

நகர பஸ் நிலையத்திலிருந்து எட்டு கிலோமீற்றர் இருக்கும். ஆட்டோவுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். இறங்கி நிலத்தைப் பார்த்ததுமே எரிச்சல் வந்தது. தரை பலகைபோல இறுகிக் கிடந்தது.

"நேற்று முழுக்கத் தண்ணி ஊத்தி றோலர் விட்டனாங்கள் தம்பி," என்றார் சங்கத் தலைவி புஷ்பம் அக்கா. "சோதினையில பெயில் ஆகக் கூடாதெல்லோ?"

"நான் பாக்கப்போறது பத்து மீற்றர் ஆழத்துக்கு, அக்கா."

"அங்க றோலர் இறங்காதே!" என்றார் அவருடைய கணவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அறுபத்துமூன்றரைக் கிலோ சுத்தியலைத் திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் முப்பது சென்ரிமீற்றர் இறங்க எத்தனை அடி வேண்டும் என்று எண்ணுவதுதான் சோதனை. மூன்று மீற்றர் ஆழத்தில் நான்கே அடி. முப்பதுக்குக் கிட்ட வந்தால்தான் எனக்கு நிம்மதி.

"இந்த இடத்தில கட்ட ஏலாது," என்றேன்.

"அப்ப எங்க ஏலும்?" என்றார் புஷ்பம் அக்கா.

வழக்கமாக மற்ற இடங்களில் என்னிடம் கேட்பது, எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டி எழுத ஏலாதா என்றுதான். பின்னாலிருந்த மேட்டைக் காட்டினேன்.

"அது கடலுக்குப் போகாத வள்ளங்கள் ஏத்தி வைக்கிற இடமெல்லோ," என்றார் கணவர்.

"வள்ளத்தை வேற எங்கயும் ஏத்தலாம். பிள்ளையள எங்க ஏத்துறது?" என்றார் அக்கா.

"ஓம், ஓம். இவ வீட்டிலயும் தலைவிதான்," என்று சொல்லிக்கொண்டே அவர் தன் வள்ளத்தைத்தான் முதலில் தள்ளினார். மதியத்துக்குள் மேடு வெறுமையானது. இவ்வளவு வேகமாக வேலை நடந்து நான் பார்த்ததில்லை. அங்கே மூன்று மீற்றரில் இருபத்தெட்டு அடி. அதற்குக் கீழே முப்பதுக்கும் மேல்.

கடலோரத்தில் கட்ட நினைப்பவர்களுக்கு: இடத்தை முடிவுசெய்ய முன் துளையிடுங்கள். றோலர் காசு மிச்சம். போவதென்றால் மே முதல் செப்டெம்பர் வரை நல்லது. தங்க, வழியிலுள்ள உப்புவெளி போதும்.

மேட்டில் கட்டலாம் என்று சொன்னதும் புஷ்பம் அக்கா மண்டபத்தின் அழகைப் பற்றியெல்லாம் பேசவில்லை.

"எத்தினை பேர் ஏறி நிக்கலாம்?"

அதைக் கட்டிடம் வரைபவரிடம் கேளுங்கள், மணல் தாங்கும் என்றேன். அக்கா அங்கேயே நின்று, வீடு வீடாகப் பெயர் சொல்லி எண்ணத் தொடங்கினார்.